ஒரே ஒரு கேள்வி

"எத்தனை கேள்வி கேட்டாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணு," என்றார் ஆபரேட்டர்.

"ஒண்ணேதானா?"

"ஒண்ணேதான். அதுக்கே எனக்குப் பதில் தெரியலை."

செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். அன்று காலை ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போதுதான் நோட்டீஸ் போர்டில் தேர்வு முடிவை ஒட்டியிருந்தார்கள்.

ஆபரேட்டருக்கு வேலை ஒரு குளிர்பதனக் கிடங்கில். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே மூட்டை மூட்டையாகக் காய்கறியும் பெட்டி பெட்டியாக மீனும் விறைத்துக் கிடக்க வேண்டும். அதற்கு நாலு பெரிய கம்ப்ரசர்கள் இரவு பகலாக ஓட வேண்டும். அந்த நாலையும் இரவு நேரத்தில் கட்டி மேய்ப்பவர் இவர். இருபத்திரண்டு வருஷமாக நைட் ஷிஃப்ட். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழித்ததும் தூங்கப் போவார். பகலில் அப்பா தூங்குகிறார் என்பதற்காக, மகள் நடக்கப் பழகியதே நுனிக்காலில்தான்.

இப்போது கிடங்கை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்கிவிட்டது. பகல் ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவி காலியாக இருந்தது. அனுபவத்தில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இன்சார்ஜ் ஆக வேண்டுமானால் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும் என்று புது முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். அதற்காகவே ஒரு தேர்வு மையம், இரண்டே இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் கோட்டை விட்டால் பதவி வேறொருவருக்குப் போய்விடும். அந்த வேறொருவர், எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று இன்றைக்கும் இவருக்குப் போன் போட்டுக் கேட்கிறவர்.

"அப்படி என்னதான் கேட்டாங்க?"

"சொல்றேன் இரு," என்று நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி வழக்கம்போல் அவருடைய வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷக் கம்ப்ரசர் இரைச்சலில் அவருடைய இடது காது கொஞ்சம் மந்தம். இடது பக்கம் நின்று சீப்புக் கேட்டால் சோப்பு வரும்.

"நாலாம் நம்பர் ரூம்ல உட்கார வெச்சாங்க. அங்கே எங்கே பார்த்தாலும் இங்கிலீஷ்ல மட்டும்தான் பேசணும்னு போர்டு. வாட்ச்மேன்கூட இங்கிலீஷ்தான். அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு மேடம் வந்தாங்க. கறுப்புக் கோட்டு, கழுத்துல அட்டை, கையில சின்ன நோட்டு, பேனா. வந்த உடனே 'ஹாபி, சார்?'னு கேட்டாங்க."

"நீங்க?"

"'நோ'ன்னு சொன்னேன்."

"ஐயோ."

"எனக்கு ஏது ஹாபி? பொய்யா சொல்றது? அவங்களுக்கே ஆச்சரியம். 'நோ?'ன்னு திரும்பக் கேட்டாங்க. 'நோ டைம், மேடம்'னேன். நோட்டுல ஏதோ எழுதினாங்க. 'ஓகே சார், தேங்க் யூ'ன்னு சொல்லிட்டு, கதவைத் திறந்து வெச்சிட்டுப் போயிட்டாங்க. கிளம்புன்னு அர்த்தம். கிளம்பிட்டேன்."

"மார்க் எவ்வளவு?" என்றாள் மனைவி.

அங்கேதான் அவமானம். தேறாதவர்கள் பட்டியலில் மற்றவர்களுக்கு நேரே முப்பது, முப்பத்திரண்டு என்று எண்கள் இருந்தன. ஆபரேட்டருக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் மைத்துனர் வந்தார். மனைவியின் தம்பி, கூரியர் ஆபீஸில் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு தேர்வில் தேறியவர். அன்றிலிருந்து கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஆங்கிலத்தைப் பற்றி ஆலோசனை சொல்லி வருகிறார்.

"கோடா?" என்றார் மைத்துனர். "பூஜ்யம்கூட இல்லையா மாமா?"

"இல்லை மாப்ளே."

"அப்ப பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கீங்க. நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்லை."

"அதுக்கு என்ன செய்யறதுன்னு சொல்லுடா," என்றாள் அக்கா.

"ஹாபிதான் அவங்களுக்கு முதல் கேள்வி. அதுல ஆள் எப்படின்னு எடை போட்டுடுவாங்க. நான் தபால்தலை சேர்க்கிறேன்னு சொன்னேன். சேர்க்கலை, சும்மா சொன்னதுதான். அதையே மாமாவும் சொல்லட்டும். யார் வந்து பார்க்கப் போறா?"

பத்தாவது படிக்கிற மகள் உடனே பரீட்சை அதிகாரியாக மாறி எதிரே உட்கார்ந்தாள். "வாட் இஸ் யுவர் ஹாபி?"

"ஸ்டாம்ப் கலெக்‌ஷன்."

"ஹவ் மெனி ஸ்டாம்ப்ஸ்?"

ஆபரேட்டருக்குக் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. "நோ ஸ்டாம்ப்ஸ்," என்றார்.

இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்ப்ரசர் அறையில் ஒரு லாக் புத்தகம் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாலு மெஷினின் பிரஷரையும் வெப்பநிலையையும் பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் காலையில் ஒரே மூச்சில் உட்கார்ந்து எட்டு மணி நேரத்தையும் குத்துமதிப்பாக நிரப்புவதுண்டு. இவர் கண்ணால் பார்க்காத எண்ணைக் கையால் எழுதியது கிடையாது. அப்படிப்பட்ட மனுஷனைத் தபால்தலை சேர்த்ததாகச் சொல்லச் சொன்னால் காது சிவக்காமல் என்ன செய்யும்?

"சரி," என்று எழுந்தார். "அடுத்த டெஸ்டுக்கு மூணு மாசம் இருக்கு. இருபத்திரண்டு வருஷமா நாலு மெஷினை ஓட்டறேன். ஒரு ஹாபியை ஓட்ட முடியாதா? நிஜமாவே ஒண்ணு வெச்சுக்கறேன். அப்புறம் கேட்கட்டும்."

அன்றைக்கே ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டார். தேதி, நேரம், என்ன செய்தேன், மகிழ்ச்சி அளவு, குறிப்பு. ஓய்வு நேரம் ஒவ்வொன்றையும் இதில் எழுதுவது, மகிழ்ச்சிக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று ரீடிங் போடுவது, எதில் ரீடிங் ஏறுகிறதோ அதுதான் ஹாபி என்று தீர்மானம்.

முதலில் மீன் வளர்ப்பு. ஒரு கண்ணாடித் தொட்டியும் ஐந்து வண்ண மீன்களும் வீட்டுக்கு வந்தன. நாற்காலியைப் போட்டுத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். லாக் நோட்டில் எழுதினார்: "மாலை நாலு மணி. மீன் பார்த்தேன். மகிழ்ச்சி 15. குறிப்பு: மீனும் என்னைப் பார்த்தது."

பதினைந்து போதாது. தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதாகவும், மீன்கள் சோர்ந்து தெரிவதாகவும் அவருக்குப் பட்டது. கிடங்கில் கழித்துப் போட்டிருந்த ஒரு சின்னக் குளிர்விப்பானைக் கேட்டு வாங்கிவந்து, குழாய் வளைத்து, தொட்டியோடு இணைத்தார்.

"எதுக்குங்க இது?" என்றாள் மனைவி.

"மீனைக் குளிர்ல வைக்கிறதுல எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம்."

"அது செத்த மீனுங்க."

சொல்லி வாய் மூடுவதற்குள் என்று சொல்ல முடியாது; இரண்டு நாள் ஆனது. ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் கெட்டுப்போகாமல் இருந்தன என்பதையும் அவர் குறிப்பில் எழுதி வைத்தார்.

மைத்துனர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "உசிரோட இருக்கிறதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது மாமா. சங்கீதம் எடுங்க." அவரே ஒரு மவுத் ஆர்கன் கொண்டுவந்து கொடுத்தார்.

இடது காது மந்தமானவர் மவுத் ஆர்கன் வாசித்தால், தனக்குக் கேட்கிற அளவுக்கு வாசிப்பார். தனக்குக் கேட்கிற அளவு என்பது தெருக்கோடிக்குக் கேட்கிற அளவு. மூன்றாம் நாள் கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் கையில் ஸ்பேனரோடு மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"எந்தக் குழாய்?" என்றார்.

"எந்தக் குழாயும் இல்லையே," என்றார் ஆபரேட்டர்.

"ஏதோ வெடிக்கப் போற மாதிரி சத்தம் வந்துதே. தெருவோட மெயின் வால்வையே மூடிட்டுத்தான் வரேன்."

ஆபரேட்டர் மவுத் ஆர்கனைக் காட்டினார். வீட்டுக்காரர் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இந்த வீட்டில் தொடர்ந்து இருக்க விருப்பமா, அல்லது அந்தச் சாமானைத் தொடர்ந்து ஊத விருப்பமா, இரண்டில் ஒன்றை யோசித்துச் சொல்லும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அன்றைக்குத் தெரு முழுவதும் சாயங்காலம்வரை தண்ணீர் வரவில்லை. மூடிய வால்வு துருப்பிடித்துத் திறக்கவில்லை. கடைசியில் ஆபரேட்டர்தான் போய்த் திறந்துவிட்டார். நோட்டில், "மவுத் ஆர்கன், 20. வால்வு திறந்தது, 60" என்று எழுதினார். ஆனால் வால்வு திறப்பதை ஹாபி என்று சொல்ல முடியுமா என்று சந்தேகமாக இருந்தது.

"ஓவியம் போடுங்க," என்றார் மைத்துனர். "சத்தமே வராது."

சத்தம் வரவில்லைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மனைவியைப் படமாக வரைந்தார். வாழ்நாளில் அவர் வரைந்ததெல்லாம் மெஷின் படங்கள். அளவு பிசகாமல் இருந்தது. மனைவி ஆவலோடு வந்து பார்த்தாள்.

"மூக்குக்குப் பக்கத்துல ஏன் அம்புக்குறி?"

"அளவுக்கு."

"கழுத்துல என்ன இது, 'உள்ளே செல்லும் வழி'ன்னு எழுதியிருக்கு?"

"சாப்பாடு."

"என் தலைக்கு மேலே 'சூடானால் கவனிக்கவும்'னு எழுதியிருக்கீங்க."

"அது பொதுவா எல்லா மெஷினுக்கும் எழுதறதும்மா."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் மனைவி வாயைத் திறக்கவில்லை. மகள் இருவருக்கும் நடுவில் தூது போனாள். மூன்றாம் நாள் பல் ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் அடக்கிவைக்க முடியாததால் மட்டுமே அவள் பேச ஆரம்பித்தாள். அவளுக்கு அங்கே வரவேற்பு மேஜையில் வேலை. வாயில் பஞ்சோடு சண்டை போடுகிறவர்களை நாள் முழுக்கப் பார்ப்பவள்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஹாபி இன்னும் பிடிபடவில்லை. ஆபரேட்டர் பின்வாங்குகிற ஆளில்லை. ஹாபி கிடைக்கும்வரை ஆங்கிலத்தையாவது தேய்த்து மெருகேற்றுவோம் என்று முடிவு செய்தார். நைட் ஷிஃப்டில் பேச்சுத்துணை யார்? நாலு கம்ப்ரசர்கள்தான்.

ஒருநாள் காலை மேனேஜர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காருங்க ஆபரேட்டர். மூணாம் நம்பர் மெஷின்கிட்ட நீங்க பேசறதா எனக்கு ரிப்போர்ட் வந்திருக்கு."

"ஆமா சார்."

மேனேஜர் மறுப்பை எதிர்பார்த்திருந்தார். "என்ன பேசறீங்க?"

"ஹாபி என்னன்னு கேட்டேன் சார்."

மேனேஜர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "அது என்ன சொல்லிச்சு?"

"அது ஒண்ணும் சொல்லாது சார். அதோட பதிலையும் நானே சொல்லிக்குவேன்."

இதைக் கேட்டால் மேனேஜருக்கு நிம்மதி வரும் என்று நம்பித்தான் சொன்னார். வரவில்லை. கம்பெனி டாக்டர் பார்த்து, ஆள் சரியாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுக்கும்வரை ஆங்கிலத் தேர்வுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். தேர்வுக்கு இரண்டே வாரம் இருந்தது. பகல் ஷிஃப்ட் கையை விட்டு நழுவுகிறது என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. இன்சார்ஜ் நாற்காலி அவருக்குப் பெரிதில்லை. எல்லாரையும் போல ராத்திரி சாப்பாட்டை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மகள் பள்ளிக்கூடம் முடித்துப் போவதற்குள் அவள் சத்தமாக நடப்பதை ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

டாக்டர் அவரை அரை மணி நேரம் விசாரித்தார். கண்ணில் விளக்கடித்தார், முழங்காலைத் தட்டினார், காதில் ஒரு கருவியை வைத்தார்.

"மூளை ரொம்பத் தெளிவா இருக்கு," என்றார் டாக்டர். "காதுதான் சரியில்லை. இடது காதுல சத்தம் விழும், வார்த்தை விழாது. டெஸ்ட்ல வலது காதைக் காட்டி உட்காருங்க."

சான்றிதழோடு வீட்டுக்கு வந்தார். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் மைத்துனரும் வந்து சேர்ந்தார். மேஜையில் லாக் நோட்டு விரித்துக் கிடந்தது. மூன்று மாதத்து ரீடிங்கையும் அலசிப் பார்த்ததில் மீன் 15, மவுத் ஆர்கன் 20, ஓவியம் 25. தேறுகிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

"பேசாம தபால்தலைன்னே சொல்லிடுங்க மாமா," என்றார் மைத்துனர். "காதுக்கு இந்த மப்ளரைக் கட்டிக்கலாம். சிவந்தாலும் தெரியாது."

மகள் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். "அப்பா, இது என்ன? தினமும் அஞ்சரைலேருந்து ஆறரை வரைக்கும் ஒரே ரீடிங்கா இருக்கு."

"ஓய்வு நேரம் எல்லாத்தையும் எழுதணும்னுதானே வெச்சேன். அதையும் எழுதினேன்."

மகள் சத்தமாகப் படித்தாள். "அஞ்சரை மணி. அவள் வேலையிலிருந்து வந்தாள். பேசினாள். கேட்டேன். மகிழ்ச்சி 90. அடுத்த நாள், அஞ்சரை மணி. அவள் பேசினாள். கேட்டேன். 90. மறுநாளும் 90. அதுக்கு அடுத்த நாளும் 90." பக்கத்தைத் திருப்பினாள். "அந்தப் படம் போட்ட வாரம். 'அவள் பேசவில்லை. 0.' அடுத்த நாளும் 'அவள் பேசவில்லை. 0.' அப்புறம் மறுபடியும் 90."

மைத்துனருக்கே ஆலோசனை எதுவும் தோன்றவில்லை.

"அப்பா," என்றாள் மகள், "உங்க ஹாபி அம்மாதான்."

"இருபது வருஷமா நான் இவருக்குப் பொழுதுபோக்கா?" என்று மனைவி எழுந்துவிட்டாள். "நான் என்ன மவுத் ஆர்கனா?"

"அப்படி இல்லைம்மா..."

"பின்னே எப்படி? அந்தப் பாக்கி பத்து எங்கே? ஏன் தொண்ணூறோட நிறுத்திட்டீங்க?"

"அது என் இடது காதுல விழாம போனது," என்றார் ஆபரேட்டர்.

மனைவி அடுப்பில் ஒன்றும் இல்லாத சமையலறைக்குள் வேகமாகப் போய்விட்டாள். உள்ளே ஒரு பாத்திரம் அவசியமில்லாமல் கழுவப்படும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"மாமா, இதையெல்லாம் டெஸ்ட்ல சொன்னா சிரிப்பாங்க," என்றார் மைத்துனர். "இது ஹாபி லிஸ்ட்லயே கிடையாது."

"ரீடிங் என்ன காட்டுதோ அதைத்தான் மாப்ளே எழுதணும்," என்றார் ஆபரேட்டர். அவர் குரலில் இருந்த பிடிவாதத்தைக் கேட்டு மைத்துனர் மப்ளரைச் சுருட்டி எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் தேர்வு மையம். அதே கட்டடம், அதே வாட்ச்மேன், சுவருக்குச் சுவர் அதே போர்டு. நாலாம் நம்பர் அறையே கிடைத்தது. நாற்காலி ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. கதவு இடது பக்கம். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, வலது காது கதவுப் பக்கம் வரும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"சேர், நோ மூவ்," என்று சொல்லி, பழையபடியே திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

ஐந்து நிமிஷம் ஆனது. கதவு திறந்தது. அதே மேடம். அதே கறுப்புக் கோட்டு, கழுத்தில் அட்டை, கையில் சின்ன நோட்டு. இவரைப் பார்த்ததும் அவளுக்கும் அடையாளம் தெரிந்த மாதிரி இருந்தது. புருவத்தைச் சற்று உயர்த்தினாள். இடது பக்கமாக நின்று, பேனாவைத் திறந்து, அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஹாபி, சார்?"

ஆபரேட்டர் எழுந்து நின்றார்.

"எஸ், மேடம்," என்றார். "டுடே, எஸ்."

அவள் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு திரும்பப் போனாள். ஆபரேட்டர் கையை உயர்த்தினார். "ப்ளீஸ், மேடம். ஐ எக்ஸ்ப்ளெயின்."

அவள் நின்றாள்.

அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். இலக்கணம் அங்கங்கே நொண்டியது, ஆனால் எங்கேயும் உட்காரவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"மேடம், போன தடவை நீங்கள் கேட்டபோது 'நோ' என்றேன். அது தவறான ரீடிங். அதற்காக வருந்துகிறேன். அப்புறம் மூன்று மாதம் ஹாபி தேடினேன். ஐந்து மீன் வாங்கினேன். ஐந்தும் இறந்தன. நான்தான் கொன்றேன், அக்கறையினால். மவுத் ஆர்கன் வாசித்தேன். வீட்டுக்காரர் ஸ்பேனரோடு வந்தார். என் மனைவியைப் படமாக வரைந்தேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை."

"சார், ஐ ஒன்லி..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"ஒன் மினிட், மேடம். லாஸ்ட் டைம் ஐ ஸ்டாப். டுடே ஐ நோ ஸ்டாப்."

அவள் நோட்டைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ராத்திரி வேலை. என் மனைவிக்குப் பகல் வேலை. வேலை நாளில் ஒரு மணி நேரம்தான் இரண்டு பேரும் நிதானமாக உட்கார்ந்து பேச முடியும். அவள் என் வலது பக்கம் உட்காருவாள், ஏனென்றால் இடது காது வேலை செய்யாது. அன்றைக்கு யாருக்குப் பல் பிடுங்கினார்கள், யார் பயந்து ஓடினார்கள் என்று சொல்வாள். நான் கேட்பேன். வேறொன்றும் செய்யமாட்டேன். அதுதான் என் ஹாபி. அதற்குத் தொண்ணூறு மார்க். அவள் பேசாத இரண்டு நாளில் பூஜ்யம். எனக்கு இந்தப் பதவி கொடுத்தால் சாயங்காலம் முழுவதும் எனக்குக் கிடைக்கும். அவ்வளவுதான், மேடம். தேங்க் யூ."

உட்கார்ந்தார். காது சிவக்கவில்லை என்பதைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார். தேறினாலும் தேறாவிட்டாலும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிட்ட நிம்மதி மனதில் நிறைந்திருந்தது.

அந்தப் பெண் பேனா மூடியைப் போட்டாள், மறுபடி கழற்றினாள். கண்ணைக் கையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். பிறகு சுவரில் இருந்த போர்டை நிமிர்ந்து பார்த்தாள். வெளியே எட்டிப் பார்த்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு, மேஜையைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கமாக வந்து, யாருக்கும் கேட்காத தாழ்ந்த குரலில், தமிழில் பேசினாள்.

"சார், தயவுசெஞ்சு இந்தத் தடவையாவது எழுந்து போயிடாதீங்க. டெஸ்ட் எடுக்கிறவர் இப்பதான் மாடியேறி வர்றார். போன தடவை அவர் வந்து அரை மணி நேரம் வெறும் நாற்காலியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கேன்டீன் ஆளு சார். ரெண்டு தடவையும் உங்களை நான் கேட்டது, காபி வேணுமான்னுதான்."